ஸ்டீவன்சன் என்ற பெயரில் எத்தனை குடும்பங்கள்?

தாமரைக்குளம்:
வணக்கம். ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள இந்த இழையைத் தொடங்குகிறேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளி வினாடி வினாவுக்குக் கேள்விகள் தயாரிக்கிறாள். வீட்டிலிருந்த பழைய பொது அறிவுப் புத்தகத்தில் அவள் கண்ட வரி இது: "ராபர்ட் ஸ்டீவன்சன், ரயில் எஞ்சினைக் கண்டுபிடித்த ஜார்ஜின் மகன். பல கலங்கரை விளக்கங்களைக் கட்டியவர். புதையல் தீவு என்ற நாவலின் ஆசிரியர்." ஒரே ஆள் இத்தனை வேலையையும் எப்படிச் செய்தார் என்று கேட்கிறாள். எனக்கும் பதில் தெரியவில்லை. இவர்கள் ஒரே வீட்டுக்காரர்களா, வேறு வேறு ஆட்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். குழந்தைகள் தவறாகப் படித்துவிடக் கூடாது.

மீட்டர்கேஜ்:
அந்தப் புத்தகம் மூன்று மனிதர்களை ஒரே ஆளாக்கிவிட்டது, அம்மா. உங்கள் மகள் சந்தேகப்பட்டது மிகச் சரி.

தமிழில் பலரும் ஒரே மாதிரி எழுதும் இந்தப் பெயருக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துமுறைகள் உண்டு. ஒன்றில் நடுவே 'வி' வரும். இன்னொன்றில் அந்த இடத்தில் 'பி', 'எச்' என்று இரண்டு எழுத்துகள் சேர்ந்து வரும். உச்சரிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். ரயில்காரர்கள் இரண்டாவது வகை. கலங்கரை விளக்கம் கட்டியவர்களும் நாவலாசிரியரும் முதல் வகை. இரு குடும்பங்களுக்கும் உறவு இல்லை. குழப்பம் கூடுவதற்குக் காரணம், இரண்டிலும் ராபர்ட் என்ற பெயரில் பெரிய பொறியாளர்கள் இருந்ததுதான். கலங்கரை விளக்கம் கட்டிய எடின்பரோ ராபர்ட் 1772 முதல் 1850 வரை வாழ்ந்தார். ரயில்கார ராபர்ட்டின் காலம் 1803 முதல் 1859 வரை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பிரிட்டனில் இரண்டு ராபர்ட்டுகளும் ஒரே சமயத்தில் இருந்தார்கள்.

எனக்குத் தெரிந்த ரயில் குடும்பத்தைச் சொல்கிறேன். ஜார்ஜ் 1781-இல் இங்கிலாந்தின் வடகிழக்கில் வைலம் என்ற சுரங்க ஊரில் பிறந்தார். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் நீர் இறைக்கும் எஞ்சினுக்குக் கரி போடுபவர். ஒரே வீட்டில் பல குடும்பங்கள் குடியிருந்தன. இவர்களுக்கு வாய்த்தது ஒற்றை அறை. வாசலை ஒட்டி மரத் தண்டவாளத்தில் குதிரைகள் கரி வண்டிகளை இழுத்துப் போகும். அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பையன் பதினெட்டு வயதுவரை எழுத்தறியாதவன். பிறகுதான் இரவுப் பள்ளிக்குப் போனார். கடிகாரமும் செருப்பும் பழுது பார்த்துச் சேர்த்த காசில் மகன் ராபர்ட்டைப் படிக்க வைத்தார். நியூகாசில் பள்ளிக்கு மகன் கழுதை மீது போய் வருவான். நூலகத்திலிருந்து அவன் கொண்டுவரும் அறிவியல் நூல்களை இரவில் அப்பாவும் மகனும் சேர்ந்து படிப்பார்கள். கில்லிங்வொர்த்தில் அவர்கள் குடியிருந்த வீட்டின் கதவுக்கு மேலே, இருவரும் சேர்ந்து செய்த சூரியக் கடிகாரம் இன்றும் இருக்கிறது. அதில் பொறித்துள்ள தேதி 1816 ஆகஸ்ட் 11. ராபர்ட்டுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

இன்னொரு திருத்தம். ரயில் எஞ்சினை முதலில் செய்தவர் ஜார்ஜ் அல்ல. ரிச்சர்ட் டிரெவிதிக்கின் எஞ்சின் 1804-லேயே வேல்ஸில் தண்டவாளத்தில் ஓடிவிட்டது. அதை நம்பகமான, லாபம் தரும் ஏற்பாடாக மாற்றியது ஜார்ஜின் சாதனை. 1825-இல் ஸ்டாக்டன் - டார்லிங்டன் பாதை, 1830-இல் லிவர்பூல் - மான்செஸ்டர் பாதை என்று அது வளர்ந்தது. 1829-இல் ரெயின்ஹில் போட்டியில் 500 பவுண்டு பரிசு வென்ற 'ராக்கெட்' எஞ்சினை அப்பாவின் கணக்கில் எழுதுவது வழக்கம். நியூகாசில் தொழிற்சாலையில் அதை உருவாக்கும் பொறுப்பைச் சுமந்தவர் மகன் ராபர்ட்தான்.

சொல்லாய்வு:
பெயரின் பொருளையும் சொன்னால் குழந்தைக்குப் பிடிக்கும். 'சன்' என்றால் மகன். ஸ்டீவனின் மகன் ஸ்டீவன்சன். ஸ்டீவன் என்பது 'ஸ்டெபனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பொருள் முடி, மாலை. கிறிஸ்தவ சமயத்தின் முதல் இரத்தசாட்சியின் பெயர் அது. தமிழ் விவிலியத்தில் அவர் ஸ்தேவான். தமிழ்க் கத்தோலிக்கர் அதே புனிதரை முடியப்பர் என்று பொருளறிந்து மொழிபெயர்த்து வழங்கினார்கள். இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்ற வரிசையில் முடியப்பர். ஆக, ஸ்டீவன்சன் என்பதை நம் வாயால் சொன்னால் 'முடியப்பன் மகன்'. இவ்வளவு அழகான மொழிபெயர்ப்பைச் செய்துவிட்டு இன்று நாமே மறந்துவருவது எனக்கு வருத்தம்.

இந்தப் பொருளே உங்கள் முதல் கேள்விக்கும் விடை தருகிறது. தொடக்கத்தில் இது நம் தலைப்பெழுத்தைப் போலத் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருந்தது. ஸ்டீவனின் மகன் ஜான் என்றால் அவன் ஸ்டீவன்சன்; அவனுடைய மகன் ஜான்சன். பிறகு ஏதோ ஒரு தலைமுறையில் பெயர் அப்படியே உறைந்து குடும்பப் பெயராயிற்று. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் ஸ்டீவன் என்ற பெயருடைய தகப்பன்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அத்தனை ஊர்களிலும் இந்தப் பெயர் தனித்தனியே முளைத்தது. முடியப்பன் என்ற பெயருள்ள தகப்பன்களின் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வம்சம் என்று யாராவது சொல்வார்களா? எழுத்துமுறையும் பல காலம் நிலைப்படவில்லை. பதிவேட்டை எழுதியவரின் காதில் விழுந்தபடி 'வி' வந்தது, அல்லது 'பி-எச்' வந்தது.

வடகடல்:
நான் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் வேலை பார்க்கிறேன். ஆர்பிரோத் துறைமுகத்துக்கு அடிக்கடி போவேன். கலங்கரை விளக்கக் குடும்பத்தைப் பற்றி நான் சொல்லாவிட்டால் குற்றமாகிவிடும்.

ஆர்பிரோத்திலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் பெல் ராக் என்ற பாறை கடலுக்குள் கிடக்கிறது. நீர் வற்றும்போது சில மணி நேரம் மட்டும் தலைகாட்டும். நீர் பெருகினால் ஆள் உயரத்தைத் தாண்டி மூழ்கிவிடும். எத்தனையோ கப்பல்களைக் காவு வாங்கிய பாறை அது. 1804-இல் 'யார்க்' என்ற போர்க்கப்பல் அந்தக் கடலில் ஆட்களோடு தொலைந்த பிறகுதான் நாடாளுமன்றம் அசைந்து கொடுத்தது. 1807-இல் ராபர்ட் ஸ்டீவன்சனின் ஆட்கள் வேலையைத் தொடங்கினார்கள். 1811 பிப்ரவரி 1 அன்று விளக்கு எரிந்தது. அந்தக் கல் கோபுரம் இன்றும் நிற்கிறது. அலை நேரடியாக மோதும் கலங்கரை விளக்கங்களில் இன்று எஞ்சியவற்றுள் அதுவே மிகப் பழையது.

ஒரு நாளை மட்டும் விரித்துச் சொல்கிறேன். 1807 செப்டம்பர் 2. பாறையில் 32 பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களை ஏற்றி வந்த 'ஸ்மீட்டன்' கப்பல் காற்றில் நங்கூரக் கட்டு விட்டு, தன் படகையும் கூட்டிக்கொண்டு வெகுதூரம் அடித்துச் செல்லப்பட்டது. நீர் பெருகுவதற்குள் அது திரும்பாது என்பது ராபர்ட்டுக்கு உடனே தெரிந்துவிட்டது. பாறையில் மிஞ்சியவை இரண்டு படகுகள். கடல் அமைதியாக இருந்தாலும் அவற்றில் 24 பேருக்குமேல் ஏற முடியாது. ஆட்கள் குனிந்து பாறையைக் குடைந்துகொண்டும் உலையடியில் இரும்பு அடித்துக்கொண்டும் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. உலை நெருப்பைத் தண்ணீர் அணைத்த பிறகே நிமிர்ந்தார்கள். கருவிகளை எடுத்துக்கொண்டு படகுகளை நோக்கி வந்தார்கள். மூன்று படகுகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டைக் கண்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் ராபர்ட்டின் முகத்தையே பார்த்தார்கள்.

மேல் உடைகளைக் களையச் சொல்லி, துடுப்புப் போடுபவர்கள் தவிர மற்றவர்கள் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு மிதக்கட்டும் என்று சொல்ல நினைத்தார் அவர். நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சு எழவில்லை. பாறைக் குழியில் தேங்கியிருந்த கடல் நீரைக் குனிந்து வாயில் அள்ளி நனைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது யாரோ "படகு! படகு!" என்று கத்தினார்கள். ஆர்பிரோத்திலிருந்து கடிதங்களைக் கொண்டுவந்த ஜேம்ஸ் ஸ்பிங்க் என்ற மாலுமியின் படகு அது. கடிதக் கட்டு அன்று வராமல் போயிருந்தால் 32 உயிர்களில் எத்தனை மிஞ்சியிருக்கும்? மறுநாள் காலை ஆட்களில் பெரும்பாலோர் பாறைக்கு வர மறுத்தார்கள். ராபர்ட் யாரையும் திட்டவில்லை. வர ஒப்பியவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்.

அவருக்குப் பிறகு மகன் ஆலன். டைரீ தீவுக்கு அப்பால் ஸ்கெரிவோர் பாறையில் 48 மீட்டர் உயரக் கோபுரம் கட்டினார். ஸ்காட்லாந்தில் அதைவிட உயரமான கலங்கரை விளக்கம் கிடையாது. ஆட்கள் தங்குவதற்காக முதல் பருவத்தில் போட்ட மரக் கொட்டகையை 1838 நவம்பர் புயல் ஒரே இரவில் வாரிக்கொண்டு போனது. அடுத்த ஆண்டு மறுபடியும் போட்டார். 1844-இல் விளக்கு எரிந்தது. அடுத்த மகன் டேவிட், ஷெட்லாந்தின் வட கோடியில் மக்கிள் ஃப்ளக்கா பாறையில் கட்டினார். கடைக்குட்டி தாமஸ். பிறகு டேவிட்டின் பிள்ளைகள். ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கங்களைக் கவனிக்கும் வடக்கு விளக்கங்கள் வாரியத்தின் பொறியாளர் பதவி 1938 வரை அந்தக் குடும்பத்திலேயே இருந்தது.

கலத்தைக் கரைந்து அழைப்பது என்ற பொருளில் நம் முன்னோர் கலங்கரை விளக்கம் என்றார்களே, அந்தச் சொல்லின் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது ஆர்பிரோத் கரையில் நின்று அந்த வெளிச்சத்தைப் பார்த்த ஒரு குளிர் இரவில்தான்.

நாவாய்:
வடகடல் நண்பரே, அருமையாகச் சொன்னீர்கள். ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். பெல் ராக் வேலைக்குத் தலைமைப் பொறியாளராக நியமிக்கப்பட்டவர் ஜான் ரென்னி. ராபர்ட் அவருக்குக் கீழே பணியிடப் பொறியாளர். கோபுரத்தின் அடிப்பகுதி வளைந்து அகலும் வடிவத்தில் ரென்னிக்குப் பங்கு உண்டு. ரென்னி 1821-இல் இறந்தார். ராபர்ட் தன் விரிவான நூலை 1824-இல் வெளியிட்டார். இறந்தவர் மறுத்து எழுத முடியாதல்லவா? ரென்னி வீட்டார் இந்த மனக்குறையை வெகுகாலம் சுமந்தார்கள்.

வடகடல்:
ஒப்புக்கொள்கிறேன். ரென்னியின் பெயரைச் சொல்லாமல் விட்டது என் தவறு. ஆனாலும் அவர் பாறைக்கு வந்த நாள்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அலைக்கு நடுவே ஆட்களோடு பருவம் பருவமாகக் கிடந்தவர் ராபர்ட். கடிதத்தில் ஆலோசனை சொன்னவருக்கும் வாய் வறண்டு நின்றவருக்கும் என் மனம் ஒரே எடை போட மறுக்கிறது. வடிவத்தில் ரென்னிக்கு உரிய பங்கைத் தரலாம், அது நியாயம்.

மீட்டர்கேஜ்:
இதே வழக்கு ரயில் குடும்பத்திலும் உண்டு. சுரங்கத்தில் வாயு பற்றிக்கொள்ளாத பாதுகாப்பு விளக்கை 1815-இல் ஜார்ஜும் செய்தார், லண்டனில் புகழ்பெற்ற விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவியும் செய்தார். இருவரும் தனித்தனியே செய்தார்கள். டேவிக்கு 2,000 பவுண்டு பரிசு. ஜார்ஜுக்கு 100 கினி, அதாவது 105 பவுண்டு. படிக்காத சுரங்கத் தொழிலாளி இதைக் கண்டிருக்க முடியுமா, திருடியிருப்பான் என்று டேவியின் பக்கத்தார் பேசினார்கள். நியூகாசில் மக்கள் பொறுக்காமல் தாங்களே 1,000 பவுண்டு திரட்டி ஜார்ஜுக்குக் கொடுத்தார்கள். 1833-இல் நாடாளுமன்றக் குழு, டேவிக்கு உள்ள உரிமை ஜார்ஜுக்கும் உண்டு என்று முடிவு சொன்னது. சுரங்கத்துக்குள் உயிரைப் பணயம் வைத்து விளக்கைச் சோதித்தவனைத் திருடன் என்றவர்களை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

ஈரக்குமிழ்:
நான் வானிலை நோக்கர். பணி ஓய்வுக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது. வடகடல் 'கடைக்குட்டி தாமஸ்' என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டார். அந்தத் தாமஸ் ஸ்டீவன்சனின் கதவைத் திறந்துதான் என் வேலை நாளே தொடங்குகிறது.

வானிலை நிலையத்துப் புல்வெளியில், கால்கள் வைத்து உயர்த்திய வெள்ளை மரப்பெட்டி ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நாலு பக்கமும் சாய்வுப் பலகைகள் இரண்டு அடுக்காக அடித்திருக்கும். வெயில் உள்ளே விழாது, காற்று மட்டும் தடையின்றிப் போய் வரும். அதன் பெயர் ஸ்டீவன்சன் பெட்டி. 1860-களில் தாமஸ் வடிவமைத்தது. வெயிலில் தொங்கவிட்ட வெப்பமானி சூரியனின் சூட்டையும் சேர்த்துக் காட்டும். சுவரில் மாட்டியது சுவரின் சூட்டைக் காட்டும். காற்றின் வெப்பத்தை மட்டும் அளக்க வேண்டும் என்றால் வெப்பமானிக்கு நிழலும் காற்றும் ஒருசேரக் கிடைக்க வேண்டும். அதற்கு ஒரு மரப்பெட்டியே போதும் என்று கண்டார் அவர்.

காலை எட்டரைக்குக் கதவைத் திறப்பேன். நம் நாட்டில் கதவு வடக்குப் பார்த்து இருக்கும். திறக்கும்போது வெயில் உள்ளே பாயக் கூடாது. உள்ளே நான்கு வெப்பமானிகள். இரண்டு நிமிர்ந்து நிற்கும், இரண்டு படுத்திருக்கும். நிமிர்ந்தவற்றில் ஒன்று உலர் குமிழ், மற்றது ஈரக் குமிழ். ஈரக் குமிழைச் சுற்றி மஸ்லின் துணி. அதன் திரி கீழே காய்ச்சி வடித்த நீர்க் குப்பியில் தோய்ந்திருக்கும். துணியில் அழுக்கோ உப்போ படிந்தால் அளவு தப்பும் என்பதால் அடிக்கடி மாற்றுவோம். படுத்திருப்பவை நேற்றைய உச்ச வெப்பத்தையும் இரவின் குறைந்த வெப்பத்தையும் பிடித்து வைத்திருக்கும். மூச்சுக்காற்று படாமல் தள்ளி நின்று, கண்ணைப் பாதரச மட்டத்துக்கு நேரே கொண்டுவந்து படிக்க வேண்டும். பத்தில் ஒரு டிகிரிகளை முதலில் படி, முழு டிகிரிகளை அப்புறம் படி என்று எனக்குக் கற்றுக்கொடுத்த மூத்தவர் சொல்வார். உங்கள் உடம்புச் சூடு ஏறுவதற்குள் நுணுக்கமான எண் கையில் வந்துவிட வேண்டும். 'இன்று சென்னையில் 41 டிகிரி' என்று செய்தித்தாளில் நீங்கள் படித்து வந்த எண்களுக்குப் பின்னால் பல்லாண்டுகளாக இப்படி ஒரு பெட்டி இருந்திருக்கிறது. இப்போது தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டன. எனக்கு அந்தப் பெட்டி மீது தீராத மரியாதை.

தாமஸ் எல்லாவற்றிலும் வென்றவர் அல்லர். விக் என்ற ஊரில் அவர் கட்டிய அலைதாங்கிச் சுவரை 1872 புயல் சிதைத்தது. இரும்புக் கம்பிகளால் பிணைத்த 1,350 டன் எடையுள்ள சுவர் முனையைக் கடல் ஒரே கட்டியாகப் பெயர்த்துத் தள்ளியது. அலையின் விசையை அளக்கக் கருவி செய்த மனிதரின் சுவரையே அலை பெயர்த்தது. அதற்குப் பிறகும் அவர் அலையை அளப்பதை விடவில்லை.

தாமரைக்குளம்:
ஈரக்குமிழ் ஐயா, உங்கள் பதிவை மகளுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். 'தண்ணீர்த் திரியை எப்படி மாற்றுவார்கள்' என்று கேட்கிறாள். இன்னொரு கேள்வியும் வைத்திருக்கிறாள்: புதையல் தீவு எழுதியவர் இந்தக் குடும்பத்தில் எங்கே வருகிறார்?

ஏடகம்:
அந்தத் தாமஸின் ஒரே பிள்ளை அவர். ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன், 1850 நவம்பர் 13 அன்று எடின்பரோவில் பிறந்தார். பெல் ராக் கட்டிய தாத்தா அதே ஆண்டு ஜூலையில்தான் இறந்தார். பேரன் தாத்தாவைப் பார்த்ததில்லை, பெயரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

நோஞ்சான் பிள்ளை. இருந்தாலும் குடும்பத் தொழிலுக்கு அவரைத் தயார் செய்தார்கள். பல்கலைக்கழகத்தில் பொறியியல். கோடையில் அப்பாவோடு துறைமுகப் பணிகள். 1870-இல் ஹெப்ரிடீஸ் பகுதியில் எரய்ட் என்ற சிறு தீவில் மூன்று வாரம் தங்கினார். டூ ஹார்டாக் கலங்கரை விளக்கத்துக்கான கற்களை அங்கேதான் செதுக்கினார்கள். 1871-இல் விட்டு விட்டு ஒளிரும் விளக்கைப் பற்றி அவர் வாசித்த கட்டுரைக்கு ராயல் ஸ்காட்டிஷ் கலைச் சங்கம் வெள்ளிப் பதக்கம் கொடுத்தது. அப்பாவின் மனம் குளிர்ந்திருக்கும். சில நாள்களில் மகன், பொறியியல் வேண்டாம், எழுதப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். மூன்று தலைமுறைத் தொழில். ஒற்றைப் பிள்ளை. தாமஸ் சத்தம் போடவில்லை. சட்டமாவது படி என்றார். 1875-இல் மகன் வழக்கறிஞரானார், தொழில் நடத்தவில்லை.

வீணாகிவிட்டதா அந்தப் படிப்பு? எரய்ட் தீவின் கரையில்தான் பிற்காலத்தில் தன் இன்னொரு நாவலின் கதாநாயகனைக் கப்பல் உடைந்து ஒதுங்க வைத்தார். புதையல் தீவு நாவலே 1881-இல் மனைவியின் மகனுக்காக வரைந்த ஒரு வரைபடத்திலிருந்து வளர்ந்தது. குடா எங்கே, ஆழம் எவ்வளவு, நங்கூரம் எங்கே போடலாம் என்று குறித்த படம். கரையை அளந்து பழகிய வீட்டுப் பிள்ளையின் கை அது. வீட்டுத் தொழிலை அவர் கைவிட்டார் என்று சொல்பவர்களுக்கு நான் அந்த வரைபடத்தைத்தான் காட்டுவேன்.

உடல் நலம் தேடிப் போய்க் கடைசியில் சமோவாவில் குடியேறினார். அங்குள்ள மக்கள் அவரை 'துசிதாலா', கதை சொல்லி என்று அழைத்தார்கள். உங்கள் மகளுக்குப் பிடிக்கும் செய்தி ஒன்று சொல்கிறேன். அங்கிருந்த அமெரிக்க அதிகாரி ஒருவரின் மகள் ஆனி ஐட், கிறிஸ்துமஸ் அன்று பிறந்தவள். தனக்கென்று தனிப் பிறந்தநாள் இல்லையே என்று அவளுக்கு ஏக்கம். 1891-இல் ஸ்டீவன்சன் முறையான சட்டப் பத்திரம் எழுதித் தன் நவம்பர் 13-ஐ அவளுக்கு உரிமையாக்கிக் கொடுத்தார். படித்த சட்டத்துக்கு அதைவிட நல்ல பயன் கிடைத்திருக்காது.

1894 டிசம்பர் 3 அன்று 44 வயதில் இறந்தார். சமோவா மக்கள் வாயா மலை மேல் காட்டை வெட்டி வழி செய்து, தோளில் சுமந்து போய் உச்சியில் அடக்கம் செய்தார்கள். தன் குடும்பப் பெயரின் வேரைத் தேடுவதில் கடைசிவரை ஆர்வம் இருந்தது அவருக்கு. 1603-இல் மக்ரிகர் குலத்தாரின் பெயரையே அரசு தடை செய்தபோது அவர்கள் பலர் வேறு பெயர்களைச் சூட்டிக்கொண்டார்கள். தங்கள் முன்னோரும் அப்படி ஒளிந்துகொண்ட மக்ரிகர்களோ என்று ஆராய்ந்தார். ஆதாரம் கிடைக்கவில்லை.

சொல்லாய்வு:
எவ்வளவு பெரிய எழுத்தாளர்! அவரும் வம்சத்தை ஆண்வழியிலேயே தேடியிருக்கிறார். வடகடல் நண்பரிடம் கேட்கிறேன்: முதல் ராபர்ட்டுக்கு இந்தத் தொழில் யாரிடமிருந்து வந்தது? அவருடைய அப்பாவும் கலங்கரை விளக்கம் கட்டினாரா?

வடகடல்:
சரியான இடத்தில் கேட்டீர்கள். இல்லை. ராபர்ட்டின் அப்பா ஆலன், கிளாஸ்கோவில் மேற்கிந்தியத் தீவுகளோடு வாணிபம் செய்தவர். 1774-இல் கரீபியனில் காய்ச்சல் கண்டு இறந்தார். ராபர்ட்டுக்கு இரண்டு வயதுகூட முழுதாக ஆகவில்லை. அம்மா ஜீன் லில்லி கைக்குழந்தையோடு வறுமையில் தனித்து நின்றார். மகனைப் பாதிரியாராக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

எடின்பரோவில் அவர் மறுமணம் செய்துகொண்டவர் தாமஸ் ஸ்மித். தகர விளக்குகள் செய்பவர்; நகரின் தெரு விளக்குகளைச் செய்து கொடுத்தவர். 1786-இல் வடக்கு விளக்கங்கள் வாரியம் அமைந்தபோது அதன் முதல் பொறியாளர் அவரே. வாரியத்தின் முதல் விளக்கை 1787 டிசம்பரில் கின்னேர்ட் ஹெட் கோட்டைக்கு மேலே ஏற்றினார். ராபர்ட் அவரிடம் தொழில் கற்றார். 1799-இல் அவருடைய முதல் தாரத்து மகளையே மணந்தார். அந்தப் பெண்ணின் பெயரும் ஜீன்தான். ஸ்டீவன்சன்களின் விளக்குத் தொழில், ஒரு ஸ்டீவன்சனிடமிருந்து வரவில்லை.

தாமரைக்குளம்:
அப்படியானால் ஆலன், டேவிட், தாமஸ் மூவருக்கும் தாய்வழித் தாத்தா அந்த ஸ்மித்தானே! தொழிலும் அவருடையது, இரத்தமும் அவருடையது. பெயர் மட்டும் கரீபியனில் இறந்துபோன மனிதருடையது. குடும்பப் பெயர் என்ற முறையில் அம்மாக்களும் மாற்றாந்தகப்பன்களும் இப்படித்தான் காணாமல் போகிறார்கள். ஜீன் லில்லி அந்த மறுமணத்தைச் செய்திருக்காவிட்டால் பெல் ராக்கில் ஸ்டீவன்சன் ஒருவர் நின்றிருக்கவே மாட்டார். எந்தப் புத்தகமும் இதை என் மகளுக்குச் சொல்லவில்லை.

மீட்டர்கேஜ்:
ரயில் வீட்டிலும் அதே நிலைதான். ராபர்ட்டின் அம்மா ஃபேனி ஹெண்டர்சன் 1806-இல் இறந்தபோது பையன் மூன்று வயதை எட்டவில்லை. ராபர்ட்டின் மனைவி 1842-இல் இறந்தார், குழந்தை இல்லை. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1859-இல் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் அவரை அடக்கம் செய்தபோது அந்த வீட்டின் நேர் வழி முடிந்தது. அவருக்கும் ஒரு பெரிய துயரம் உண்டு: செஸ்டர் அருகே அவர் கட்டிய டீ ஆற்றுப் பாலத்தின் வார்ப்பிரும்பு உத்தரம் 1847 மே மாதம் ரயிலோடு முறிந்து ஐந்து பேர் இறந்தார்கள்.

டிரெவிதிக்கைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? 1827-இல் தென் அமெரிக்காவில் கார்த்தஹேனா துறைமுகத்தில், எல்லாம் இழந்து ஊர் திரும்ப வழியின்றி நின்ற அவரை இளம் ராபர்ட் சந்தித்தார். 50 பவுண்டு கொடுத்து அனுப்பி வைத்தார். ரயில் எஞ்சினை முதலில் ஓட்டியவரை, ரயிலால் புகழ்பெறப் போகும் வீட்டுப் பிள்ளை கரை சேர்த்தார்.

இரு குடும்பங்களும் ஒரு கடிதத்தில் சந்தித்துக்கொள்கின்றன. எடின்பரோ ராபர்ட் ரயில் பாதைகளையும் ஆராய்ந்தவர். வார்ப்பிரும்பை விட அடித்து நீட்டக்கூடிய தேனிரும்புத் தண்டவாளமே மேல் என்று எழுதியவர். 1821 ஜூன் 28 அன்று ஜார்ஜ் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார்; பெட்லிங்டனில் உருவான புதிய தேனிரும்புத் தண்டவாளம் வார்ப்பிரும்பை விரைவில் ஒழித்துவிடும் என்று அதில் சொன்னார். 'பி-எச்' எழுதுபவர் 'வி' எழுதுபவருக்கு எழுதிய கடிதம். இருவரும் இரும்பைப் பற்றித்தான் பேசினார்கள்.

கல்கத்தாவில் கிழக்கிந்திய ரயில்வேயைத் தொடங்கிய ரோலண்ட் மக்டொனால்ட் ஸ்டீபன்சன் வைலம் குடும்பத்தவர் அல்லர். அதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள். ஜார்ஜின் பெயரோடு வழங்கும் 1,435 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள தண்டவாளப் பாதையை நேரில் பார்க்க வேண்டும் என்றால் சென்னை மெட்ரோ போதும். அது அந்த அளவில்தான் ஓடுகிறது. நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர்.

நாவாய்:
தமிழில் இனி எப்படித்தான் எழுதுவது? உச்சரிப்பு ஒன்றுதான் என்றால் இரண்டையும் ஸ்டீவன்சன் என்றல்லவா எழுத வேண்டும்?

சொல்லாய்வு:
ஒலியைப் பார்த்தால் அதுதான் சரி. ஆனால் ஒலியைப் பார்த்து எழுதப் போய்த்தான் அந்தப் புத்தகத்தில் மூவர் ஒருவரானார்கள். ரயில் குடும்பத்தை ஸ்டீபன்சன் என்று எழுதும் வழக்கம் நம் பாடநூல்களில் ஏற்கெனவே இருக்கிறது. அதை அப்படியே காப்பாற்றுவோம். கலங்கரை விளக்கக் குடும்பம் ஸ்டீவன்சன். ஒரு 'ப'வும் ஒரு 'வ'வும் இரண்டு குடும்பங்களைப் பிரித்துக் காட்டும் என்றால், ஒலிப்பில் வரும் சிறு பிழையை நான் தாங்கிக்கொள்வேன்.

தாமரைக்குளம்:
எல்லாருக்கும் நன்றி. மகள் பழைய கேள்வியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதியிருக்கிறாள்: "ஸ்டீவன்சன் குடும்பத்துக்குக் கலங்கரை விளக்கத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவரின் குடும்பப் பெயர் என்ன?" விடையாக ஸ்மித் என்று எழுதி, பக்கத்தில் ஜீன் லில்லியின் பெயரையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்திருக்கிறாள். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுவேன் என்கிறாள். ஈரக்குமிழ் ஐயா, அந்தப் பெட்டியைப் பிள்ளைகள் பார்க்க முடியுமா?

ஈரக்குமிழ்:
அலுவலகத்தில் அனுமதி கேட்டுச் சொல்கிறேன், அம்மா. கிடைத்தால் எட்டே காலுக்கே வந்துவிடச் சொல்லுங்கள். அன்று மஸ்லின் துணியை மாற்றாமல் வைத்திருக்கிறேன், பாப்பாவே மாற்றட்டும்.